பிடித்தலும் பார்த்தலும்

(முழுமதி நாள் வழிபாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரையின் எழுத்து வடிவம்)





சென்ற முழுமதிக் கூட்டம் முடிந்து யாவரும் கலைந்து செல்லுங்கால், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, தாங்கள் மேடையில் நின்று பற்றை விடுக என்று போதிக்கின்றீர்கள். ஆனால் விடுமுறை நாளில் தோளிலே காமிராவை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாகக் காட்டுக்குப் போகின்றீர்கள். மரத்தையும் மலரையும் படம் பிடித்து மகிழ்வது கண்ணின் ஆசையன்றோ? உருவத்தின்மேல் வைத்த பற்றன்றோ?" என்று அவர் கேட்டார்.

அவ்விளைஞர் பணிவோடுதான் கேட்டார். ஆயினும் யான் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. ஒரு திங்கள் முழுவதும் அவ்வினாவைச் சுமந்து திரிந்தேன். அதற்கு யான் கண்ட விடையே இன்றைய அறவுரை. விடை கூறப் புகுங்கால், இதுவரை இம்மேடையில் சொல்லாத என் குற்றம் ஒன்றையும் சொல்ல நேரும். பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

சொல்லிலே உள்ள பாடம்

இந்நகரத்தில் நம்மைச் சூழ்ந்து வாழும் இந்தி மொழியாளர் படத்தை 'இழுக்கிறோம்' என்பர். மராத்தியர் படத்தை 'எடுக்கிறோம்' என்பர். தமிழராகிய நாமோ படத்தைப் 'பிடிக்கிறோம்' என்கின்றோம். மீனைப் பிடிப்பதும், பறவையைப் பிடிப்பதும், ஓடுகின்ற திருடனைப் பிடிப்பதும் அச்சொல்லேயாகும். ஒரு பொருள்மேல் விருப்பம் உண்டாயின் 'எனக்குப் பிடிக்கிறது' என்பதும் அச்சொல்லே. ஆசையையும் கைப்பற்றுதலையும் ஒரே சொல்லில் அடக்கிய தமிழர், பகவன் புத்தர் அருளிய சார்புத் தோற்றத்தைத் தம் பேச்சு வழக்கிலேயே பொதிந்து வைத்தனர் என்று யான் எண்ணுவதுண்டு.

நம் மணிமேகலைக் காப்பியம் பன்னிரு சார்புகளையும் பெரும்பாலும் தமிழ்ப் பெயர்களால் வழங்குகின்றது. அவற்றுள் நடுவே நிற்கும் ஐந்தினை ஈண்டு நினைவு கூர்க. கண் முதலிய ஆறும் வாயில். அவ்வாயிலில் பொருள் வந்து படுதல் ஊறு. ஊற்றினால் இன்பமோ துன்பமோ தோன்றுதல் நுகர்வு. நுகர்ந்தது மேலும் வேண்டுமென்று அவாவுதல் வேட்கை. வேட்கை முற்றி இறுகுதல் பற்று. கண்ணில் பட்டது, இனித்தது, வேண்டுமென்று தோன்றியது, கை நீண்டது. இந்நான்கும் இமைப்பொழுதில் நடந்துவிடுகின்றன. இடையிலே நாம் விழித்திருப்பதில்லை.

ஆதலின் இளைஞர் கூறியது பொய்யன்று. படம் பிடிப்பவன் கையிலே பற்று நிற்கிறது. ஆயின் அக்கருவியே பற்று உண்டாகும் முறையைக் கண்முன் காட்டவும் வல்லது. எனக்கு அது காட்டியவாற்றைச் சொல்லுகிறேன்.

ஆலை தந்த கண்

யான் பள்ளியில் நெடுநாள் பயின்றவனல்லன். 1987ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை இம்மும்பையில் ஒரு பஞ்சாலையின் ரிங் பிரேம் பகுதியில் வேலை செய்தேன். ஒரு பிரேமில் நானூற்றுக்கு மேற்பட்ட கதிர்கள் சுழலும். அத்தனை கதிரிலும் நூல் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுள் எங்கேனும் ஓர் இழை அறுந்தால் அதனை அக்கணமே கண்டு, ஓடிச் சென்று, விரலால் ஒட்ட வேண்டும். இதுவே என் தொழில். ஓடுகின்ற நானூறு இழைகளையும் யான் பார்த்ததே இல்லை. அறுந்த ஒன்றை மட்டுமே பார்த்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு பழகிய கண், ஆலையை விட்டு வெளியே வந்தும் மாறவில்லை. உணவிலே உப்பின் குறையே தெரிந்தது. மனையாளிடத்தும் மக்களிடத்தும் பிழையே தெரிந்தது. ஆலை மூடப்பட்டபின் கையில் வேலையில்லை. கண் மட்டும் வேலை செய்துகொண்டேயிருந்தது. அக்காலத்தில் வீட்டில் இருக்கப் பொறாமல் ஞாயிறுதோறும் எங்கேனும் புறப்பட்டுச் சென்றேன். பழம்பொருள் விற்கும் கடைத்தெருவொன்றில் மிகக் குறைந்த விலைக்கு ஒரு பெட்டிக் காமிரா கிடைத்தது. ஆக்ஃபா கிளிக் என்னும் வகையைச் சேர்ந்தது. ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள் மட்டுமே அதில் பிடிக்கலாகும். ஒரு சுருள் வாங்கவும், அதனைக் கழுவிப் பார்க்கவும் ஆகும் செலவு அன்று எனக்குப் பெரிது. ஆதலின் ஒரு திங்களுக்கு ஒரு சுருள் என்று வைத்துக்கொண்டேன்.

கன்ஹேரிக் குன்றம்

மாஹிம் நிலையத்தில் மின்ரயில் ஏறி, போரிவலியில் இறங்கி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் நடப்பது என் வழக்கமாயிற்று. ஒரு பெருநகரத்தின் எல்லைக்குள்ளேயே ஏறக்குறைய 104 சதுரக் கிலோமீட்டர் பரந்த காடு அது. நகரத்திற்குக் குடிநீர் தரும் துளசி ஏரியும் விஹார் ஏரியும் அங்கேயே உள்ளன. வாயிலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் நடந்தால் கன்ஹேரிக் குன்றம் வரும். கருங்குன்றம் என்னும் பொருளுடைய கிருஷ்ணகிரி என்ற பெயரே நாளடைவில் கன்ஹேரி ஆயிற்று என்பர். எரிமலைக் குழம்பு இறுகியதனால் உண்டான அக்கரும்பாறையைக் குடைந்து நூற்றுக்கு மேற்பட்ட குகைகளை நம் முன்னோராகிய பௌத்தர் அமைத்தனர். கி.மு. முதல் நூற்றாண்டு முதற்கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் பிக்குகள் அங்கு வாழ்ந்தனர்.

அக்குகைகளை அரசர் மட்டுமே அமைத்தனர் என்று எண்ணற்க. கல்யாண், சோபாரா முதலிய துறைமுகப் பட்டினங்களின் வணிகரும், கொல்லரும், பொற்கொல்லரும் ஈந்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஒவ்வோர் அறையின் முன்னும் மழைநீர் தேங்குவதற்கு ஒரு தொட்டி வெட்டியிருக்கின்றனர். பாறையின்மேல் விழும் நீரை அத்தொட்டிக்குக் கொண்டுவரச் சிறு சிறு வாய்க்கால்களும் உள்ளன. உழைக்கும் மக்கள் ஈந்த பொருளால் வெட்டிய தொட்டியில் மழைநீரைக் கண்டபோது, ஆலைத் தொழிலாளியாகிய என் உள்ளம் எத்துணை நெகிழ்ந்தது என்பதைச் சொல்லி முடியாது.

ஆயினும் தொடக்கத்தில் அந்நெகிழ்ச்சி ஒரு கணமே நின்றது. மறுகணம், 'இதனை எந்தப் பக்கம் நின்று பிடிக்கலாம்?' என்ற எண்ணம் எழுந்துவிடும். மூன்றாம் குகையாகிய பெரிய சைத்தியத்தின் முகப்பில், இரு புறமும் ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரத்தில் பகவரின் திருவுருவங்கள் நிற்கின்றன. அவற்றின்முன் முதன்முறை நின்றபோது யான் வணங்கவில்லை. வெளிச்சம் போதுமா என்று கணக்கிட்டேன். கழுவிப் பார்த்தபோது படம் முழுதும் இருளாக இருந்தது.

அறுந்த இழையைத் தேடிய கண் இப்போது அழகிய காட்சியைத் தேடியது. முன்னது குற்றம் தேடிற்று. பின்னது பரிசு தேடிற்று. தேடும் கண் மட்டும் ஒன்றே. பரிசு அல்லாத யாவும் அதற்குத் தெரியாமலே போயின. காடு முழுவதும் நடந்து வந்தேன். கண்டதோ 12 சதுரங்கள்.

தொண்ணூறாம் குகையில் வேறொரு செய்தி உண்டு. 1009ஆம் ஆண்டிலும் 1021ஆம் ஆண்டிலும் அங்கு வந்த பாரசீகப் பயணிகள் தம் பெயர்களைப் பஹ்லவி எழுத்தில் பாறையில் பொறித்துச் சென்றனர். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் எழுத்து நிற்கிறது. எழுதியவர் எங்கே? வந்தேன், கண்டேன் என்று எங்கேனும் பதித்துவிட வேண்டுமென்னும் வேட்கை மனிதருக்குப் புதிதன்று. உளியால் செய்ததை இன்று காமிராவால் செய்கின்றோம்.

இருட்டறை புகட்டிய பாடம்

கருவியைப் பற்றிச் சிறிது கூறுவேன். காமிரா என்பது ஓர் இருண்ட பெட்டி. அதில் ஒரு சிறு துளை. துளையின் வழியே ஒளி புகுந்து பிலிமின்மேல் படும். துளை பெரிதாயின் ஒளி மிகுதியாக வரும். ஆனால் ஒரு தூரத்தில் உள்ள பொருளே தெளியும், முன்னும் பின்னும் உள்ளவை கலங்கும். துளை சிறிதாயின் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும். ஆனால் ஒளி புகுவதற்குக் காலம் வேண்டும், கை அசையாதிருக்க வேண்டும். பொறியடக்கத்தைப் பற்றிப் பகவர் அருளியவற்றை யான் நூல்களில் படித்திருந்தேன். வாயிலைக் குறுக்கிப் பொறுமையோடு நின்றால் பரப்பெல்லாம் தெளிவாகும் என்பதை அப்பெட்டியிலேதான் கண்டேன். பெட்டிக் காமிராவின் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். கை நடுங்கினால் படம் கெடும். ஆதலின் மூச்சைக் கவனித்து, வெளிமூச்சு முடியும் இடத்தில் விசையை அழுத்தப் பழகினேன். இம்மூச்சைக் கவனிக்கும் பழக்கமே பின்னர் என்னை ஆனாபான தியானத்தில் உட்கார வைத்தது.

எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் என்மீது இரங்கித் தம் இருட்டறையில் நின்று பார்க்க இடமளித்தார். ஒளி பட்ட தாள் வெறுந்தாளாகவே தோன்றும். கரைசலில் இட்டு ஆட்டினால் சிறிது சிறிதாக உருவம் எழும். நாம் செய்யும் செயலும் அவ்வாறே மனத்தில் பதிகின்றது. பதிந்தது புறத்தே தெரிவதில்லை. காலமென்னும் கரைசலில் விழும்போது எழுந்து நிற்கின்றது. கம்மத்தைப் பற்றி இதனினும் எளிதாக எனக்கு எவரும் விளக்கியதில்லை.

நிழற்படக் கலையின் பிறப்பிலேயே ஒரு துக்கம் உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவர் வெள்ளி உப்புப் பூசிய தாளிலும் தோலிலும் உருவங்களைப் பதிய வைத்தார். அச்செய்தி 1802ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் பதிந்த உருவத்தை நிலைநிறுத்தும் வழி அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் வைத்தால் தாள் முழுதும் கறுத்து உருவம் மறைந்துவிடும். ஆதலின் இருளிலே வைத்து, மங்கிய விளக்கொளியில் சிறிது நேரமே பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கப் பார்க்க அழியும் படம்! பின்னர் ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர் 1819ஆம் ஆண்டில் கண்ட ஹைப்போ என்னும் உப்பு, 1839 முதல் படத்தை நிலைப்படுத்தப் பயன்பட்டது. மனிதர் மகிழ்ந்தனர். எனினும் நிலைப்பட்டதும் நிலைக்கவில்லை. மும்பையின் மழைக்காலத்து ஈரத்தில் என் பிலிம் சுருள்களிற் பாதியைப் பூஞ்சை தின்றுவிட்டது. அநித்தியம் என்னும் உண்மைக்கு ஹைப்போவும் விலக்கன்று.

பன்னிரண்டாவது படம்

இனி என் குற்றத்திற்கு வருகிறேன்.

கன்ஹேரிக் குன்றின் சரிவுகளில் கார்வி என்னும் புதர்ச்செடி அடர்ந்து வளரும். நம் மேற்குமலைக் குறிஞ்சிக்கு அது உறவு. ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். இக்கார்வி எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். ஏழு மழைக்காலம் இலைவிட்டு, ஏழு கோடை வெறுங்குச்சியாய் நின்று, எட்டாம் ஆண்டு மழையின் இறுதியில் குன்றெல்லாம் நீலமும் ஊதாவுமாகப் பூத்து, விதைத்துவிட்டு மடிந்துபோகும். அக்காட்டில் வாழும் வார்லி மக்கள் அதன் குச்சிகளை நிரைத்து மண் பூசித் தம் குடிசைச் சுவர்களை அமைக்கின்றனர்.

2000ஆம் ஆண்டு கார்வி பூத்தது. செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் விடியுமுன் புறப்பட்டுச் சென்று மாலை வரை குன்றிலே திரிந்தேன். 11 படங்கள் பிடித்தேன். மேகம் மூடியதால் ஒன்றினை மிச்சம் வைத்து வீடு திரும்பினேன்.

தாராவியில் எங்கள் வீட்டு வாசற்படியில் என் அன்னையார் அமர்ந்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதில் இந்நகரம் வந்து, பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கி எங்களை வளர்த்தவர். யான் வந்ததும், "எய்யா, பூத்திருக்கா?" என்று கேட்டார். பூத்திருக்கிறது என்றேன். என் தோளிலிருந்த பெட்டியைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு தயங்கித் தயங்கி, "என்னையும் ஒரு படம் புடிச்சு வையேன்" என்றார்.

யான் வானத்தைப் பார்த்தேன். பொழுது சாய்ந்திருந்தது. அப்பெட்டிக் காமிராவுக்கு அவ்வெளிச்சம் போதாது. "இப்ப வெளிச்சம் இல்லம்மா, பிறகு பிடிக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையசைத்துவிட்டு உள்ளே சென்றார்.

கருவியின் கணக்கில் யான் கூறியது சரியே. ஆனால் அது முழு உண்மையன்று. மிச்சமிருந்த ஒரு படத்தை அடுத்த ஞாயிறு வெயிலில் கார்விக்கென்று மனம் முன்னமே ஒதுக்கிவிட்டது. அடுத்த ஞாயிறு காலை, நல்ல வெயில் வீட்டு வாசலிலேயே இருந்தது. அன்னையாரும் வாசலிலேயே இருந்தார். யான் அவரைக் கடந்து ரயிலுக்கு விரைந்தேன். குன்றில் ஒரு கொத்துப் பூவைப் பிடித்தேன். பன்னிரண்டாவது படம் முடிந்தது.

அடுத்த சுருள் வாங்கப் பணம் சேருமுன், ஒருநாள் இரவு நெஞ்சுவலி வந்து அன்னையார் மறைந்தார்.

வாக்காளர் அட்டையில் தபால்தலை அளவில் இருந்த படம் ஒன்றே எங்களிடம் எஞ்சியது. அதில் அவர் அஞ்சியவர்போல் விழித்துக்கொண்டிருந்தார். அதனைப் பெரிதாக்கியபோது முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது. அந்தப் பன்னிரண்டாவது படமோ மிக நன்றாக வந்திருக்கிறது. பார்த்தவர் எல்லோரும் பாராட்டுகின்றனர். இன்றும் அதனை வைத்திருக்கிறேன். பூஞ்சை அதனைத் தீண்டவில்லை.

அன்பர்களே, படம் இருந்திருந்தால் அன்னையார் எங்களோடு இருந்திருப்பாரா? இல்லை. பிறந்தது மாயும் என்பதை யான் அறியாதவனல்லன். என்னை இத்தனை ஆண்டுகள் வருத்துவது வேறொன்று. அந்த மாலையில் அவர் முகம் எவ்வாறிருந்தது என்பதை நினைவுகூர முயல்கின்றேன், வரவில்லை. ஏனெனில் அவர் பேசும்போது யான் வானத்தைப் பார்த்தேன். மறு ஞாயிறு காலையில் ரயில் நேரத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, வாசலில் இருந்தவரைக் காணவில்லை.

சோபாராவிலிருந்து சென்றவர்

போரிவலியைக் கடந்து அதே ரயில் பாதையில் சென்றால் நாலாசோபாரா என்னும் நிலையம் வரும். நம்மவர் பலர் அங்குக் குடியிருக்கின்றனர். பழங்காலத்தில் சுப்பாரகம் எனப் பெயர் பெற்ற துறைமுகம் அதுவே. 1882ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திராஜி என்னும் அறிஞர் அங்கிருந்த தூபத்தை அகழ்ந்து கண்டார். அசோகச் சக்கரவர்த்தியின் கல்லெழுத்துத் துண்டும் அங்கே கிடைத்தது.

அச்சுப்பாரகத்துக் கடற்கரையில் மரவுரி உடுத்து வாழ்ந்தவர் பாஹியர். மக்கள் அவரை அருகந்தரெனப் போற்றினர். தாம் அந்நிலையை அடையவில்லை என்பது ஒருநாள் அவருக்குத் தெரியலாயிற்று. உடனே புறப்பட்டுச் சாவத்தி நகரம் சேர்ந்தார். எத்துணைத் தொலைவு என்பதை எண்ணிப் பாருங்கள்! அங்கே ஜேதவனத்தில் பகவர் இல்லை. பிச்சையேற்க நகரினுள் சென்றிருந்தார். பாஹியர் தெருவிலேயே அவரைக் கண்டு திருவடி வணங்கி, அறம் அருளுமாறு வேண்டினார்.

பகவர், இது நேரமன்று, பிச்சைக்கு வந்துள்ளோம் என்றார். பாஹியர் மீண்டும் வேண்டினார். தங்கள் உயிருக்கோ என் உயிருக்கோ எப்போது இடர் வருமென்று அறிதல் அரிது என்றார். இரண்டாம் முறையும் பகவர் நேரமன்று என்றார். மூன்றாம் முறை வேண்டியபோது, கையில் ஓட்டோடு, தெருவின் நடுவில் நின்றபடியே அறம் அருளினார். உதானம் என்னும் பாளி நூல் இதனைக் கூறும்.

அவ்வறத்தின் கருத்து யாது? கண்ட பொருளோடு கண்டவளவில் நிற்க வேண்டும். கேட்டதோடும் உணர்ந்ததோடும் அறிந்ததோடும் அவ்வாறே நிற்க வேண்டும். அதன்மேல் யான் என்றும் எனது என்றும் வேண்டுமென்றும் வேண்டாவென்றும் ஒன்றையும் ஏற்றலாகாது. ஏற்றாதவனுக்குத் துக்கம் நிற்க இடமில்லை. பாஹியர் அங்கேயே தெளிந்தார். சிறிது நேரத்தில், கன்றுடைய பசு ஒன்று முட்டி உயிர் துறந்தார். பகவர் அவருக்குத் தூபம் எழுப்பச் செய்தார்.

இக்கதையை யான் பலமுறை படித்திருக்கிறேன். பலமுறை இம்மேடையில் சொல்லியுமிருக்கிறேன். பார்த்தலைப் பற்றிய போதனையையே எப்போதும் விரித்துரைத்தேன். அன்னையாரின் நினைவோடு படித்தபோதுதான் மற்றொன்று தெரிந்தது. முழுதுணர்ந்த பகவரும் முதலில் நேரமன்று என்றே கூறினார். அதனில் குற்றமில்லை; பிச்சை நேரம் பிச்சைக்குரியதே. ஆனால் எதிரே நின்றவரை அவர் பார்த்தார். உயிரின் நிலையாமையைச் சொல்லிய குரலைக் கேட்டார். மூன்றாம் முறையில் தம் ஒழுங்கைத் தாமே தளர்த்தினார். என் அன்னையாரோ ஒரே முறைதான் கேட்டார். மூன்று முறை கேட்கும் வழக்கம் ஏழைத் தாய்மாருக்கு இல்லை.

தனி வழி செல்வார்க்குச் சில சொற்கள்

இனி, வினவிய இளைஞருக்கும், அவர்போல் கையில் காமிராவோடும் கைப்பேசியோடும் காடு செல்ல விழையும் பிறர்க்கும் சொல்லுகிறேன். போக வேண்டாவென்று கூறேன். நெருங்கிய தெருவில், சிறிய அறையில், ஓசையின் நடுவே வாழும் நமக்கு மாதத்தில் ஒருநாள் மரத்தின் கீழ்த் தனித்திருப்பது மருந்து. பகவர் தோன்றியதும் தெளிந்ததும் மறைந்ததும் மரங்களின் நடுவேயன்றோ? படமே வேண்டாவென்றும் கூறேன். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம்மம் ஏற்ற காட்சியைப் பிறகு பிறந்த நாமெல்லாம் படங்களாலன்றோ கண்டு வணங்குகின்றோம்?

செல்லும்போது பஞ்சசீலத்தை உடன் கொண்டு செல்க. கொல்லாமை அங்கே உண்டு: படத்திற்காகக் கூட்டைக் கலைப்பதும், குரங்குக்குத் தீனியிட்டு அழைப்பதும், பூவைக் கொய்து வேறிடத்தில் வைப்பதும் ஊறு செய்தலேயாம். அக்காட்டில் சிறுத்தைகள் உள்ளன. வகுத்த வழியை விட்டு விலகாமலும், மாலை மயங்குமுன் திரும்பியும் அவற்றுக்கும் நமக்கும் இடர் வாராமல் காத்துக்கொள்க. கொடாததை எடாமை அங்கே உண்டு: வார்லி மக்களின் குடிசைமுன் அவர்தம் இசைவின்றிக் காமிராவை நீட்டுதல் களவே. நம் தெருக்களில் அயலார் வந்து நம் வறுமையைப் படம் பிடித்துச் சென்றபோது நமக்கு எவ்வாறிருந்தது என்பதை மறவற்க. பொய்யாமையும் அங்கே உண்டு: இல்லாத நிறத்தை ஏற்றி, கண்டதாகக் காட்டற்க.

அடுத்து, ஒரு பயிற்சி. குன்றின்மேல் ஓரிடம் சென்று அமர்க. கால் மணி நேரம் கருவியைத் தொடாதிருக்க. மூச்சைக் கவனிக்க. கண் எதனை நோக்கி ஓடுகின்றது, எப்பொழுது இனிக்கின்றது, கை எப்பொழுது எழுகின்றது என்பதை மட்டும் பார்க்க. ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நூலில் படித்த நான்கும் வரிசையாக வருவதை அங்கே காணலாம். வேட்கைக்கும் பற்றுக்கும் இடையே ஒரு மூச்சளவு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கண்டவர் விரும்பினால் பிடிக்கலாம்; விரும்பினால் விடலாம். இரண்டும் அவர்க்கு ஒக்கும். இப்போது கைப்பேசியில் முந்நூறு படங்கள் செலவின்றிப் பிடிக்கின்றனர். 12 மட்டுமே என்று எண்ணிச் செல்க. எல்லை உள்ள கைக்கே இடைவெளி தெரியும்.

மற்றொன்று, அன்னையார் மறைந்தபின் யான் எனக்கு விதித்துக்கொண்ட நோன்பு. அன்றுமுதல் ஒவ்வொரு சுருளின் முதற்படமும் வாசற்படிக்கு உரியது. காட்டுக்குப் புறப்படுமுன் வாசலில் யார் இருக்கின்றாரோ அவரைப் பிடிப்பேன். மனையாள், பிள்ளைகள், அண்டை வீட்டு முதியவர், தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் சிறுமி, யாராயினும் சரி. அவரவர் இசைந்தால் போதும். வெளிச்சம் போதாவிடினும் பிடிப்பேன். பிடிக்குமுன் முகத்தை நன்றாகப் பார்ப்பேன். அவ்வாறு பிடித்தவற்றுட் பல கலங்கியும் இருண்டும் உள்ளன. எங்கள் தெருவில் துக்கம் நேர்ந்த வீடுகளில், மாலையிட்டு வைத்திருக்கும் படங்களுள் சில அச்சுருள்களிலிருந்து வந்தவையே. கொடுக்கும்போது அவர்கள் படத்தின் குறையைப் பார்ப்பதில்லை.

கார்வி மீண்டும் 2008ஆம் ஆண்டிலும், 2016ஆம் ஆண்டிலும், 2024ஆம் ஆண்டிலும் பூத்தது. 2024ஆம் ஆண்டு மழையின் இறுதியில் யான் தனியே குன்றேறினேன். முழங்கால் முன்போல் உதவவில்லை. நீர்த்தொட்டி ஒன்றின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பூக்களின்மேல் தேனீக்கள் மொய்த்திருந்தன. வாசற்படிப் படம் அன்று காலையே பிடித்தாயிற்று. மற்றவற்றுள் எத்தனை பிடித்தேன் என்பது நினைவில்லை. பூ நினைவிலிருக்கிறது.

எட்டாண்டுக் கணக்குப்படி அது இனி 2032ஆம் ஆண்டில் பூக்க வேண்டும். அன்று குன்றேற யான் இருப்பேனோ, இங்கு அமர்ந்திருப்போருள் யார் யார் இருப்பீர்களோ, அறியோம். ஆதலின் வினவிய தம்பிக்கு என் விடை இதுவே: காமிராவை எடுத்துக்கொண்டு போய் வருக, ஆனால் வீட்டு வாசலைத் தாண்டுமுன் அங்கே அமர்ந்திருப்பவர் முகத்தை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போக.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க.

சாது! சாது! சாது!